கோவிந்தன் மூன்று முறை எடுத்த போன்

காலை ஏழரைக்கு யசோதரா கதவைத் திறந்தால் எதிரே தாயம்மா நிற்பாள். பதினைந்து நாளாக இதுதான் நடந்துகொண்டிருந்தது. மழை கொட்டிய அன்றைக்கும் தலையில் ஒரு உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

"கிளம்பிட்டியா மகாராணி. போ. இன்னும் எத்தினி வீட்டுல தாலி அறுக்கணுமோ அறுத்துட்டு வா."

யசோதரா ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில்தான் ஸ்டார்ட் செய்வாள். வாசலிலேயே உதைத்தால், பேசுவதைக் கேட்கப் பிடிக்காமல் வண்டிச் சத்தம் போடுகிறாள் என்று அதற்கும் ஒரு வசவு விழும். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒரு வாசலில் பேசினால் பத்து வாசலில் கேட்கும். பத்து வாசலிலும் பெண்கள் துடைப்பத்தோடு நின்று கேட்டார்கள். ஒருத்திகூட தாயம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகவில்லை.

அந்தத் தெருவில் பிறந்தவள் யசோதரா. அவளுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அப்பா ரத்தினம் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கு அடியில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியபோது இவளுக்குப் பதினைந்து வயது. பாலிடெக்னிக் படித்தாள். பிறகு பதினோரு வருஷம் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போய், இன்டர்நெட் வழியாகப் போன் பேச வைக்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். அவள் கணவன் வேந்தன் இன்றும் அதே ரயிலில்தான் போகிறான்.

மூன்று வருஷத்துக்கு முன் ரத்தினம் போனார். கல்தூசி தின்ற நுரையீரல். கடைசி நாலு மாதம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். மூச்சு விடுவது மலை ஏறுவது போல ஆகிவிட்ட அந்த மனிதரின் முதுகைத் தடவிக்கொண்டு, ஒரு டாக்டரை வரவழைக்க முடியாத தன் படிப்பை நினைத்து அவள் அழுத அழுகையை அந்தச் சுவர்கள்தான் அறியும். அதனால்தான் ஒரு தொண்டு நிறுவனம் பழைய தொழிலாளர்களுக்குப் போன் வழியே வைத்தியம் என்று திட்டம் போட்டு ஆள் தேடியபோது, பெங்களூர் வேலைக்கு அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

திட்டம் எளிமையானது. தொழிலாளர் சங்கத்து அறை, கோயில், விகாரை என்று ஊரில் பத்து இடத்தில் சுவரில் ஒரு போன். நம்பர் எதுவும் அழுத்த வேண்டாம். ரிசீவரை எடுத்தாலே பெங்களூரில் மணி அடிக்கும். ஜெனிட்டா என்கிற நர்ஸ் எடுப்பாள். டாக்டரிடம் கொடுப்பாள். தேவைப்பட்டால் ராபர்ட்சன்பேட்டையில் ஆக்சிஜனோடு நிற்கும் வேனை அனுப்புவாள்.

பத்து போனையும் மாட்டியது யசோதரா. அவற்றில் ஒன்று ஊமையாகிப் போய் ஒரு மனிதன் செத்தான் என்பதுதான் அவள் மேல் விழுந்த பழி.

அந்த மனிதர் தாயம்மாவின் கணவர் கோவிந்தன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சங்கத்து அறைக்கு நடந்தார். ரிசீவரை எடுத்தார். மணி போனது. அந்தப் பக்கம் எடுத்தார்கள். பிறகு சத்தமே இல்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதே. மூன்றாவது முறையும் அதே. வீட்டை விட்டுக் கிளம்பி அதற்குள் கால் மணி நேரம் போயிருந்தது. தாயம்மா ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே கோவிந்தனின் தலை அவள் மடியில் சரிந்துவிட்டது.

அன்று மாலையே யசோதரா அந்தப் போனை எடுத்துப் பார்த்தாள். "ஹலோ ஜெனிட்டா, கேக்குதா?" என்றாள். கணீரென்று பதில் வந்தது. பத்து முறை எடுத்தாள். பத்து முறையும் வந்தது. சாவு வீட்டு வாசலில் வைத்து அவள் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னாள்.

"போன் நல்லாத்தான் இருக்கு பெரிம்மா."

தாயம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ நான் பொய் சொல்றனா? இதோ படுத்துகினு கீறாரே, இவரு பொய் சொல்றாரா?"

பகை அங்கே பற்றிக்கொண்டது. ஊர் அதற்கு எண்ணெய் ஊற்றியது. ஏற்கெனவே மூன்று நாலு கிழவர்கள் போன் பேச மாட்டேன் என்கிறது என்று முறையிட்டிருந்தார்கள். யசோதரா ஒவ்வொரு முறையும் வந்து பார்த்து, சரியாக இருக்கிறது, பெரியவர்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று எழுதி வைத்திருந்தாள். அதே சங்கத்து அறையில், அதே போனில், சிவலிங்கம் என்பவருக்கு மட்டும் எப்போது எடுத்தாலும் லைன் கிடைத்தது. சிவலிங்கம் இவளைப் போலவே பௌத்தக் குடும்பம். போதாதா?

"அவ ஆளுங்களுக்கு மட்டும் லைனு திறந்து விடறா" என்று தண்ணீர்க் குழாயடியில் பேசினார்கள்.

"அவரு பாவம், இருமி இருமி சாவறாரு. அவரைப் போயி இழுக்காதீங்கக்கா" என்று யசோதரா ஒரு முறை வாய் திறந்தாள்.

"ஆமாடி. உன் ஆளுங்க இருமினா போனுக்குக் காது கேக்கும். எங்க ஆளுங்க செத்தாலும் கேக்காது" என்றாள் ஒருத்தி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. எல்லோரும் சிரித்தார்கள். யசோதரா பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் கேலிப் பேச்சில்தான் விடை இருந்தது. அன்று அவளுக்கு அது அவமானமாக மட்டுமே காதில் விழுந்தது.

நிறுவனத்திலிருந்து பிரதாப் என்கிற மேனேஜர் வருவதாகச் செய்தி வந்தது. சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் விசாரணை. கோவிந்தனின் சாவுக்கு யார் பொறுப்பு என்று அன்று எழுதப்படும். அதுவரை யசோதரா சோறு இறங்காமல் கிடந்தாள். வேலை போனால் போகட்டும். தான் ஒரு உயிரைக் கொன்றவளா இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். வேந்தன் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"ரெக்கார்டுல இன்னாதான் கீது?"

"மூணு காலும் சேர்ந்திருக்கு. நாப்பத்திநாலு செகண்டு, முப்பத்தெட்டு, அம்பத்தொண்ணு. அந்தப் பக்கம் எடுத்திருக்காங்க. ஜெனிட்டா ஹலோ ஹலோன்னு கத்தினதா சொல்றா. இவரு பேசவே இல்லையாம்."

"சேர்ந்துச்சின்னா அப்பறம் இன்னா?"

அவள் தலையை ஆட்டினாள். சேர்வது வேறு, குரல் போவது வேறு. சுரங்கத்துக்காரன் மகனுக்கு அதை எளிதாகச் சொல்லலாம். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியில் மணிக் கயிறு வேறு, ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டு வேறு. மணி அடித்தால் மேலே இருப்பவனுக்குச் செய்தி போகும், அவன் திருப்பி அடிப்பான். அதனாலேயே கேஜ் வந்துவிட்டதாக ஆகாது. கேஜ் தன் பாதையில் தனியாக வர வேண்டும். இன்டர்நெட் போனிலும் அப்படித்தான். ரிசீவரை எடுத்ததும் முதலில் சின்னச் சின்ன செய்திகள் ஓடுகின்றன. கூப்பிடுகிறார்கள், மணி அடிக்கிறது, எடுத்துவிட்டார்கள். காதில் கேட்கும் அந்த மணியோசைகூட அங்கிருந்து வருவதில்லை. செய்தி வந்ததும் இங்கே இருக்கும் போனே அதைப் போட்டுக்கொள்கிறது. அதன் பிறகுதான் குரல் புறப்படுகிறது, விநாடிக்கு ஐம்பது துண்டாக, ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு எண்ணும் ஒரு முகவரியும் ஒட்டிக்கொண்டு. அது போகும் வழி வேறு.

சனிக்கிழமை காலை சங்கத்து அறை நிரம்பி வாசல் வரை கூட்டம் நின்றது. பிரதாப் வெயிலுக்கு முகம் சுளித்தபடி ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். யசோதரா மேஜை மேல் மடிக்கணினியைத் திறந்து, பெங்களூரில் குரல்களை வாங்கி மாற்றி அனுப்பும் சர்வருக்குள் நுழைந்து தயாராக நின்றாள். அந்தப் பக்கம் ஜெனிட்டாவை உட்கார வைத்திருந்தார்கள்.

"நோடி அம்மா, பாருங்க" என்று பிரதாப் தாயம்மாவிடம் ஆரம்பித்தான். "போன் ரிப்பேர் இல்லை. மூணு காலும் கனெக்ட் ஆயிருக்கு. உங்க வீட்டுக்காரர் பேசியிருந்தா வேன் வந்திருக்கும். அவர் பேசலை. நாங்க இன்னா பண்ண முடியும்?"

தாயம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான்னு தைரியம் உனுக்கு. நான் கூடவே நின்னேன்டா. என் கண்ணால பாத்தேன். அவரு எப்டி எடுத்தாரோ அப்டியே எடுக்கறேன். உன் போனு பேசுதா பாக்கலாம்."

"எடுங்க. தாராளமா."

அவள் சுவரருகே போனாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். இடது உள்ளங்கையால் வாய்ப்பக்கத்தை இறுக்கி மூடினாள். கண்களைத் தரையில் நட்டு அப்படியே நின்றாள்.

மணி போனது. நின்றது. ஜெனிட்டா எடுத்துவிட்டாள்.

யசோதரா திரையைப் பார்த்தாள். ஜெனிட்டாவின் குரல் துண்டுகள் சர்வருக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. ஐம்பது. நூறு. இருநூறு. அங்கிருந்து ஸ்கெலட்டனுக்கு ஒன்றுகூடப் புறப்படவில்லை. ஸ்கெலட்டனிலிருந்து வந்த துண்டுகள் என்ற இடத்தில் பூஜ்யம் அசையாமல் நின்றது.

பூஜ்யம். தூக்குக் கயிறு போன்ற அந்த வட்டத்துக்குள் அவள் தன் கழுத்தைப் பார்த்தாள்.

சுவரில் தொங்கும் போனுக்கு வெளியுலகம் அறிந்த முகவரி கிடையாது. அறையின் மூலையில் இருக்கும் ரவுட்டர் அதைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறது. உள்ளேயிருந்து ஒரு குரல் துண்டாவது வெளியே போனால்தான் ரவுட்டரில் ஒரு வாசல் திறக்கும். அந்தத் துண்டு வந்த வாசலைப் பார்த்துத்தான் சர்வர் பதில் குரலை அனுப்பும். சாதாரணமாக இதில் தொல்லை இல்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் போன் துண்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆனால் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து டிஷ் வழியாக வரும் லைன் ஒல்லியானது, அதிகம் சுமக்காது என்பதால், யாரும் பேசாதபோது எதையும் அனுப்பாதே என்று பத்து போனிலும் ஒரு கட்டளையை யசோதரா போட்டு வைத்திருந்தாள். முதல் துண்டு போகாவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். போனை எடுத்துவிட்டு எவன் பேசாமல் நிற்பான் என்று நினைத்திருந்தாள்.

அவள் சோதித்தபோதெல்லாம் ஹலோ என்றாள். வாசல் திறந்தது. சிவலிங்கம் இருமினார். வாசல் திறந்தது.

"ஏன் கைய வெச்சு மூடறீங்க?" என்று யசோதரா கேட்டாள்.

தாயம்மா ரிசீவரை நெஞ்சில் அழுத்திக்கொண்டு திரும்பினாள். அவள் முகத்தில் அருவருப்பு இருந்தது.

"இதக் கேக்கறியா நீ? ரத்தினத்தோட பொண்ணு கேக்கறியா? சுரங்கத்துல கீழ லெவல்ல போன எடுத்தா, மேல கீறவன் பேசற வரைக்கும் வாய மூடிகினு இருக்கணும். கைய வெச்சி மூடிக்கணும். ட்ரில் சத்தம் மேல போச்சின்னா அவனுக்கு பெல்லு கேக்காது, கேஜ் தப்பா இறங்கும், ஆளு போயிருவான். உங்க நைனாவும் இவரும் ஒரே கேஜ்ல எறங்கினவங்க. நான் வாயத் தொறந்தப்பகூட, கம்முனு இருன்னு எனுக்குக் கை காட்டினாரு. சாவப் போறப்பவும் ஒழுங்கா நின்னாருடி அவரு."

கூட்டத்தில் இரண்டு மூன்று கிழவர்கள் மெல்லத் தலையாட்டினார்கள். யசோதராவின் கண் முன்னால் அப்பா வந்து நின்றார். டெலிபோன் பூத்தில் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு, கடைக்காரன் சிரிக்கச் சிரிக்க, அந்தப் பக்கத்துக் குரலுக்காகக் காத்து நின்ற அப்பா. வெட்கப்பட்டுக்கொண்டு அவர் கையைத் தட்டிவிட்ட பத்து வயதுப் பெண்.

"கைய எடுங்க பெரிம்மா" என்றாள். "இப்போ எதாவது பேசுங்க."

"பெரிம்மான்னு கூப்புடாத. அந்த வாயால கூப்புடாத. இன்னாத்த பேசச் சொல்ற?"

"எது வேணாலும்."

தாயம்மா ரிசீவரை வாய்க்கு நேராக உயர்த்தினாள். கண்களை மட்டும் யசோதராவிடமிருந்து எடுக்கவில்லை.

"நீதான் அவரைக் கொன்ன" என்றாள்.

திரையில் பூஜ்யம் உடைந்தது. அதே நொடியில் ரிசீவரிலிருந்து, முதல் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, ஜெனிட்டாவின் குரல் பொத்துக்கொண்டு வந்தது.

"ஹலோ, சொல்லுங்க, யாரு பேசறீங்க? கேக்குது, சொல்லுங்க."

தாயம்மாவின் கையிலிருந்து ரிசீவர் நழுவித் தன் வயரில் தொங்கி ஆடியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அறையில் இருந்த அத்தனை பேரும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் யாரோ ரிசீவரை எடுத்து மாட்டினார்கள்.

"அப்போ..." தாயம்மாவின் உதடு கோணியது. "அவரு ஒரு வார்த்த பேசியிருந்தா? நான் பேசியிருந்தா?"

பிரதாப் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். அவன் முகம் தெளிந்திருந்தது. யசோதராவை ஓரமாக அழைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னான். "மேடம், முடிஞ்சுது. பயனாளி பேசலை, அதனால லைன் திறக்கலைன்னு எழுதுங்க. பொய் ஒண்ணும் இல்லையே. உங்க மேலயும் வராது, எங்க மேலயும் வராது. திங்கக்கிழமை வழக்கம்போல வேலைக்கு வாங்க."

உண்மைதான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்த ஒரு வரியை எழுதினால் போதும், அவள் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்குப் பதிலாக அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவள், கணவன் சாவுக்குத் தன் வாயும் காரணம் என்று நினைத்து உயிர் உள்ளவரை எரிந்துகொண்டிருப்பாள்.

யசோதரா திரும்பி மேஜைக்குப் போனாள். முதலில் பத்து போன்களிலும் அந்தக் கட்டளையை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அவரு மேல தப்பு இல்ல. உங்க மேலயும் இல்ல. யாரும் பேசாட்டாலும் போன் லைனத் திறந்து வெச்சிருக்கணும். அத நான்தான் நிறுத்தி வெச்சேன். நாலு பேரு வந்து சொன்னாங்க. அவங்களுக்குப் போன் பிடிக்கத் தெரியலைன்னு எழுதினேன்."

"மேடம், வேண்டாம்" என்றான் பிரதாப்.

தாயம்மா சுவரிலிருந்து கையை எடுத்தாள். "இப்போ சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"எவ்ளோ நேரம் ஆச்சி?"

யசோதரா கணினியின் மூலையில் மணியைப் பார்த்தாள். "நாலு நிமிஷம்."

வாசலில் நின்ற ஒருவன் காறித் துப்பினான். குழாயடியில் சிரித்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கத்தினாலா வெறுப்பினாலா தெரியவில்லை. பிரதாப் தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தபோது, திங்கட்கிழமை முதல் அவள் வர வேண்டாம் என்றும் போன் பெட்டிகளின் சாவிகளை இன்றே ஒப்படைக்க வேண்டும் என்றும் சொன்னான். அவள் பத்து சாவிகளையும் வளையத்தோடு மேஜை மேல் வைத்தாள்.

"அதெல்லாம் உங்க சமாச்சாரம்" என்றாள் தாயம்மா. "எழுதிக் குடு. தமிழ்ல எழுது. நான் படிக்கணும்."

யசோதரா நின்றபடியே ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். எழுத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. புறங்கையால் துடைத்தாள், மை பரவியது. எழுதி முடித்து நீட்டினாள். தாயம்மா வாங்கவில்லை.

"நீயே படி. எல்லாருக்கும் கேக்கட்டும்."

"போன்களை அமைத்த நான், யாரும் பேசாதபோது குரல் பாதை திறக்காதபடி தவறாக அமைத்திருந்தேன். முன்பே வந்த புகார்களை நான் மதிக்கவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மூன்று முறை அழைத்த நோயாளிக்கு உதவி கிடைக்கவில்லை."

"நோயாளின்னா யாரு? ஆயிரம் பேரு நோயாளி கீறாங்க. அவருக்குப் பேரு இல்லியா?"

யசோதரா அந்தச் சொல்லை அடித்து மேலே எழுதினாள். கோவிந்தன்.

"இன்னொரு தபா படி."

படித்தாள். கோவிந்தன் என்ற இடம் வந்ததும் குரல் உடைந்தது. அந்த வரியை முதலிலிருந்து படித்தாள். தாயம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் கடைசி வரை கேட்டாள். அவள் கண்கள் வறண்டிருந்தன.

"இத ஒத்துக்கினதால நீ நல்லவளாயிட மாட்ட. உன்ன நான் மன்னிக்கவும் மாட்டேன்."

"தெரியும்" என்றாள் யசோதரா.

"தெரிஞ்சா சரி. கையெழுத்துப் போடு."

அவள் போட்டாள்.